தேய்ந்த றிம்மும் தேயாத குடமும்: துவிச்சக்கரவண்டிச் சக்கரத்தின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

இயந்திரங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவை பிறந்த கதையையே எழுதுகின்றனர். கண்டுபிடித்தவர் யார், காப்புரிமை பெற்ற ஆண்டு எது, விற்பனையாற் செல்வரானவர் யார் என்பனவே அவ்வரலாற்றின் அத்தியாயங்களாகின்றன. பிறந்த இயந்திரம் பழுதுபட்டபோது அதைத் திருத்தியவர் யார், அவர் எறிந்தது எது, மீண்டும் எடுத்துக்கொண்டது எது என்னும் வினாக்கள் அங்கே எழுவதில்லை. ஆயினும் எம்மைப் போன்ற நாடுகளில் மக்கள் நவீன இயந்திரத்தின் உள்ளமைப்பை அறிந்துகொண்டது தொழிற்சாலையில் அன்று, வீதியோரத்துத் திருத்தகத்திலேயே. ஆகவே பழுதுபார்த்தலின் வரலாற்றை விட்டுவிட்டு எழுதப்படும் இயந்திர வரலாறு பாதி வரலாறே ஆகும்.

இதனை விளக்கத் துவிச்சக்கரவண்டியின் சக்கரத்தை விடச் சிறந்த எடுத்துக்காட்டு வேறில்லை. அச்சக்கரத்தில் முதன்மையான உறுப்புகள் மூன்று. நடுவிலிருப்பதைக் கடைகளில் 'ஹப்' என்பர். பழந்தமிழ் வழக்கில் வண்டிச் சக்கரத்தின் நடுவுக்குக் குடம் என்றும் குறடு என்றும் பெயர். குடத்திலிருந்து புறப்படும் கால்களை ஆர் என்றனர். இன்றைய கடை வழக்கில் அவை வெறுங் கம்பிகள். சுற்றுவட்டத்தை நேமி என்றும் சூட்டு என்றும் நம் முன்னோர் வழங்கினர். இன்று அது றிம். இம்மூன்றின் ஆயுளும் ஒன்றல்ல. றிம் முதலில் மாள்கிறது. குடமும் கம்பிகளும் எஞ்சுகின்றன. எஞ்சியவற்றை என் செய்வது என்னும் சிறிய கேள்விக்குள் தொழிலின் வரலாறு, ஏகாதிபத்தியத்தின் வரலாறு, உழைப்பின் விலை ஆகிய மூன்றும் பின்னிக்கிடக்கின்றன.

மூன்று உறுப்பு, மூன்று ஆயுள்

நம் நாட்டின் பழைய பாணி வண்டிகளில் தடுப்புக் கட்டைகள் கோல்களால் இழுக்கப்பட்டு றிம்மின் உட்புறத்தை அழுத்துகின்றன. ஒவ்வொரு முறை தடுப்பைப் பிடிக்கும்போதும் மணலும் தூசியும் இடையில் அகப்பட்டு உலோகத்தை அராவுகின்றன. மாரியில் ரயருக்கும் றிம்முக்கும் இடையே தங்கும் நீர் துருவை வளர்க்கிறது. குழியில் விழுந்து எழும் அதிர்ச்சியையும் முதலில் ஏற்பது றிம்மே. குடத்தின் நிலை வேறு. அதனுள்ளே உருளும் குண்டுகளும் கூம்புகளும் தேய்ந்தால் அவற்றை மட்டும் மாற்றலாம். கிறீஸ் வற்றாமற் பார்த்துக்கொண்டால் குடத்தின் கூடு ஒரு மனிதனின் உழைக்கும் காலத்தையும் கடந்து நிற்கும்.

கம்பிகளின் நிலை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அதனை விளங்கிக்கொள்ளச் சக்கரம் சுமை தாங்கும் முறையைச் சற்று நோக்குதல் வேண்டும். மாட்டுவண்டிச் சக்கரத்தில் வண்டியின் பாரம் கீழே நிற்கும் மரக்காலின் மீது தூண்மேற் கூரைபோல் அமர்கிறது. மெல்லிய கம்பி அவ்வாறு பாரம் தாங்காது, அழுத்தினால் வளைந்துவிடும். ஆகவே துவிச்சக்கரவண்டிச் சக்கரத்தில் எல்லாக் கம்பிகளும் முன்னரே இழுத்து முறுக்கேற்றப்பட்டிருக்கின்றன. பாரம் வந்ததும் தரையை நோக்கி நிற்கும் சில கம்பிகளின் இழுவிசை சற்றே குறைகிறது. சக்கரம் சுழன்றதும் அது மீள்கிறது. ஒரு சுற்றுக்கு ஒருமுறை தளர்ந்து ஒருமுறை இறுகும் இந்த ஓயாத ஏற்றத்தாழ்வே கம்பியைக் களைப்படையச் செய்கிறது. கம்பி பெரும்பாலும் குடத்தின் விளிம்பில் வளைந்து நுழையும் முழங்கையில் முறிவது இக்காரணத்தாலேயே.

இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு பெறப்படுகிறது. சீராகவும் போதிய அளவிலும் முறுக்கேற்றப்பட்ட கம்பி நீண்டகாலம் வாழும். தளர்வாக விடப்பட்ட கம்பி விரைவில் முறியும். கம்பியின் ஆயுள் அதன் வயதை மட்டும் பொறுத்ததன்று. அதைக் கோத்த கையையும் பொறுத்தது. அமெரிக்கப் பொறியியலாளரான ஜோப்ஸ்ற் பிராண்ட் துவிச்சக்கரவண்டிச் சக்கரம் பற்றி 1981இல் வெளியிட்ட நூலில் இவ்வுண்மையைக் கணக்கிட்டு விளக்கினார். நன்கு கோக்கப்பட்டு முறியாது உழைத்த கம்பிகளை றிம் மாற்றும்போது மீண்டும் பயன்படுத்தலாம் என்பதே அவர் நூலிலிருந்தும் பெறப்படும் செய்தி. நம் திருத்தகங்களில் அந்நூலைக் காணாதவர்கள் அதற்கு முன்பிருந்தே அவ்வாறு செய்துவந்தனர்.

அவர்கள் செய்யும் வேலை வெறும் சிக்கனம் அன்று. அதற்கு விதிகள் உண்டு. புதிய றிம்மின் துளைகளின் எண்ணிக்கை பழையதன் எண்ணிக்கையாகவே இருத்தல் வேண்டும். நிப்பிள் வந்து அமரும் இடத்தின் விட்டமும் சில மில்லிமீற்றருக்குள் ஒத்திருக்க வேண்டும். இன்றேல் பழைய கம்பி எட்டாது, அல்லது மிஞ்சி ரியூப்பைக் குத்தும். கம்பிகள் பல ஆண்டுகளாகக் குடத்தின் விளிம்பிலே தமக்கெனத் தடம் பதித்திருக்கும். அதே திசையில், அதே குறுக்கமைப்பில் மீண்டும் கோத்தால் அத்தடம் துணைசெய்யும். திசை மாற்றிக் கோத்தால் விளிம்பு வெடிக்கவும் கூடும். ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பிகள் முறிந்து வந்திருந்தால் மிஞ்சியவையும் களைத்துவிட்டன என்று கொண்டு எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். மரையிலோ முழங்கையிலோ துருவேறிய கம்பியை ஏற்கலாகாது.

தேர்ந்த தொழிலாளி ஒருவர் இவ்வேலையைச் செய்யும் முறை நோக்கற்பாலது. புதிய றிம்மைப் பழைய றிம்மின் பக்கத்தில், வால்வுத் துளைகள் நேர்படுமாறு வைத்துக் கட்டுகிறார். எல்லா நிப்பிள்களையும் முறையே சிறிது சிறிதாகத் தளர்த்துகிறார். பின்னர் ஒரு கம்பியைப் பழையதிலிருந்து எடுத்து நேரே புதியதில் மாட்டுகிறார், அடுத்தது, அதற்கடுத்தது. எந்தக் கம்பியும் தன் இடத்தை இழப்பதில்லை. அதன்பின் வண்டியின் கவையிற் சக்கரத்தைப் பூட்டிச் சுழற்றிக் கோட்டம் எடுக்கிறார். விரலாற் கம்பியைச் சுண்டி ஓசை கேட்கிறார். அயற்கம்பியின் ஓசையோடு ஒத்தால் முறுக்கும் ஒத்தது. இது பௌதிகம், பாடசாலையில் நாம் கற்பிக்கும் அதே பௌதிகம். வேறுபாடு யாதெனில், அங்கே அது பரீட்சைக்கு உரியதன்று.

பிரிக்கக்கூடிய சக்கரம் பிறந்த கதை

இத்தகைய சக்கரம் ஒரு தனிமனிதரின் மூளையில் ஒருநாளில் உதித்ததன்று. பிரித்தானியரான ஜோர்ஜ் கெய்லி தாம் கனவுகண்ட பறக்கும் பொறிக்குப் பாரமற்ற சக்கரம் தேடி, மரக்கால்களை நீக்கி இறுக்கிய கயிறுகளாற் சக்கரத்தை நிறுத்தும் எண்ணத்தை 1808இற் குறித்துவைத்தார். பறக்கும் பொறி அன்று பறக்கவில்லை. எண்ணம் ஏட்டிலேயே கிடந்தது. உழைப்பும் சந்தையும் உலோகமும் ஒன்றுகூடும் வரையில் எண்ணம் மட்டும் எதனையும் இயக்குவதில்லை.

அவை கூடிய இடங்களுள் ஒன்று இங்கிலாந்தின் கொவென்றி நகரம். அந்நகரம் பட்டு நாடா நெசவுக்கும் கடிகாரத் தொழிலுக்கும் பெயர்பெற்றது. 1860இல் பிரான்சுடன் செய்யப்பட்ட வர்த்தக உடன்படிக்கையின் பின்னர்ப் பிரெஞ்சுப் பட்டு தடையின்றி வந்து குவிந்தது. கொவென்றியின் நாடா நெசவு சரிந்தது. பல்லாயிரம் நெசவாளர் வேலையிழந்தனர். சுதந்திர வர்த்தகத்தின் நன்மைகளைப் புகழ்ந்தோர் அந்நகரத்துப் பட்டினியைத் தம் ஏடுகளிற் பெரிதாக எழுதவில்லை. நுண்தொழில் பழகிய கைகள் மலிவாகக் கிடைத்த அந்நகரிலேயே தையல் இயந்திரத் தொழில் தோன்றியது. அத்தொழிற்சாலை 1869ஆம் ஆண்டளவிற் பிரான்சின் சந்தைக்காக மரச்சக்கர வண்டிகளைச் செய்யத் தொடங்கியது. அதே 1869இற் பாரிசில் எயூஜேன் மேயர் என்பார் கம்பிச் சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1870இல் மூண்ட பிரெஞ்சு-பிரசியப் போர் பிரான்சின் புதுத்தொழிலைக் குலைக்க, முதன்மை கொவென்றிக்கு மாறியது.

அங்கே ஜேம்ஸ் ஸ்ரார்லியும் வில்லியம் ஹில்மனும் 1870இல் 'ஏரியல்' என்னும் கம்பிச்சக்கர வண்டிக்குக் காப்புரிமை பெற்றனர். அதன் கம்பிகள் குடத்திலிருந்து நேரே விரிந்தன; எல்லாவற்றையும் ஒருங்கே இறுக்குவதற்கு ஒரு நெம்புகோல் இருந்தது. 1874இல் ஸ்ரார்லி அடுத்த படியை எடுத்துவைத்தார். கம்பிகள் குடத்தின் விளிம்புக்குத் தொடுகோடாகச் சென்று ஒன்றையொன்று குறுக்கறுத்தன; ஒவ்வொன்றும் தனித்தனியே இறுக்கப்பட்டது. மிதிப்பவரின் விசையைக் குடத்திலிருந்து றிம்முக்குக் கொண்டுசெல்ல இவ்வமைப்பே பொருத்தமானது. அன்று முதல் இன்று வரை இதன் அடிப்படை மாறவில்லை.

ஆனால் வரலாற்றாசிரியர் அதிகம் கவனியாத பிறிதொரு விளைவும் இதற்கு உண்டு. ஒவ்வொரு கம்பியும் தனித்தனியே கழற்றவும் பூட்டவும் கூடியதாயிற்று. ஆகவே சக்கரம் முழுவதையும் எறியாமற் பழுதுபட்ட உறுப்பை மட்டும் மாற்றுதல் சாத்தியமாயிற்று. மரச்சக்கரத்தைத் திருத்தத் தச்சனும் கொல்லனும் உலையும் வேண்டும். கம்பிச் சக்கரத்துக்கு நிப்பிள் திருகும் ஒரு சிறு சாவியும் பழகிய கையும் போதும். கண்டுபிடித்தவர்கள் எதனைக் கருதினரோ, அச்சிறு சாவி உலகெங்கும் வறியவர்களின் கையிற் போய்ச் சேர்ந்தது.

தொழிற்சாலையிற் சிதறிய வேலை

சக்கரம் பெருந்தொகையாகச் செய்யப்பட்டபோது அதைச் செய்யும் வேலை துண்டு துண்டாயிற்று. 1888ஆம் ஆண்டளவிற் பிராங் பௌடன் கையேற்று வளர்த்த நொட்டிங்காம் நகரத்து றலி நிறுவனம் விரைவில் உலகப் பெருநிறுவனங்களுள் ஒன்றாகியது. அத்தகைய தொழிற்சாலைகளில் ஒருவர் குடத்தின் துளைகளிற் கம்பியை நுழைப்பார், வேறொருவர் கோப்பார், பிறிதொருவர் கோட்டம் எடுப்பார். கோக்கும் பகுதியிற் பெண்கள் பலர் வேலை செய்தனர். கூலி எண்ணிக்கைக்கு ஏற்பக் கிடைத்தது. விரல்கள் விரைந்தால் வயிறு நிரம்பும். பதினான்காம் வயதில் இத்தொழிற்சாலைக்குள் நுழைந்த அலன் சிலிற்றோ, பின்னர் எழுத்தாளராகி 1958இல் வெளியிட்ட 'சனிக்கிழமை இரவும் ஞாயிற்றுக்கிழமைக் காலையும்' என்னும் நாவலில், துண்டுக்கூலிக்குக் கடைசல் இயந்திரத்தின் முன் நிற்கும் இளைஞன் ஒருவனைப் படைத்தார். அவ்விளைஞன் நாளெல்லாம் உறுப்புகளைச் செய்கிறான்; ஆனால் வண்டி அவனுடைய வாழ்வின் ஓர் உறுப்பாக வருவதில்லை.

தொழிற்சாலைத் தொழிலாளி சக்கரத்தின் ஒரு துண்டை மட்டும் அறிந்தான். ஆனால் அவனுக்கு அருகில் ஆயிரம் தோழர் நின்றனர், தொழிற்சங்கம் இருந்தது, கூலிக்காக ஒருங்கே குரலெழுப்ப இயன்றது. கடலுக்கு அப்பால் அதே சக்கரத்தைத் திருத்தியவன் சக்கரம் முழுவதையும் அறிந்தான். ஆனால் அவன் தனியன். அவனுக்குச் சங்கமும் இல்லை, சேமலாப நிதியும் இல்லை. அறிவு முழுமையாக இருந்த இடத்திற் பலம் இல்லை. பலம் கூடிய இடத்தில் அறிவு துண்டாடப்பட்டது. நவீன கைத்தொழிலின் இம்முரண்பாட்டை இவ்வளவு தெளிவாகக் காட்டும் பொருள்கள் சிலவே.

முப்பத்திரண்டும் நாற்பதும்

பிரித்தானிய வண்டிகள் கப்பலேறிக் குடியேற்ற நாடுகளுக்கு வந்தபோது வண்டியோடு ஓர் அளவுமுறையும் வந்தது. முன்சக்கரத்தில் 32 கம்பிகள், பின்சக்கரத்தில் 40 கம்பிகள் என்பது பிரித்தானியர் வழக்கம். உடலின் பாரமும் சங்கிலியின் இழுவையும் பின்சக்கரத்தையே மிகுதியாகச் சேர்வதால் அதற்கு எட்டுக் கம்பி கூடுதல். ஐரோப்பாவின் பிறநாடுகளிலும் அமெரிக்காவிலும் இரு சக்கரத்துக்கும் 36 என்பது பெருவழக்காயிற்று. இரண்டையும் கூட்டினால் 72 தான். ஆனால் பகிர்ந்த முறை வேறு. 40 துளைக் குடத்துக்கு 36 துளை றிம் பொருந்தாது. எனவே ஒரு நாட்டின் சந்தையில் எந்த அளவு றிம் கிடைக்கிறது என்பதே அங்குள்ள பழைய குடங்கள் வாழ்வதையும் சாவதையும் தீர்மானிக்கிறது.

இலங்கை இவ்வணிகத்தில் இருமுனையிலும் அகப்பட்டது. பிரேசிலிலிருந்து ஹென்றி விக்காம் கொண்டுசென்ற இறப்பர் வித்துகள் 1876இல் இலண்டன் கியூ பூங்காவில் முளைக்கவைக்கப்பட்டன. அவற்றுள் ஏறத்தாழ 1,900 கன்றுகள் அவ்வாண்டிலேயே இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. 1888இற் பெல்பாஸ்ற் நகரத்து ஜோன் பொய்ட் டன்லப் காற்றடைத்த ரயருக்குக் காப்புரிமை பெற்றதும் இறப்பரின் தேவை பெருகியது. தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரும் இந்நாட்டுத் தொழிலாளரும் பால் வெட்டினர், பால் கப்பலேறியது, ரயராகவும் வண்டியாகவும் திரும்பி வந்து விலை கூறி நின்றது. மூலப்பொருளைக் கொடுத்துச் செய்பொருளை வாங்கிய நாட்டில், செய்பொருளைச் செய்யும் அறிவு இறக்குமதியாகவில்லை. திருத்தும் அறிவை மட்டும் மக்கள் தாமே ஈட்டிக்கொண்டனர்.

அவ்வறிவு வெறும் அடுப்படிச் சிக்கனத்தோடு நின்றுவிடவில்லை என்பதற்கு வியற்நாம் சான்று. 1954இல் டியன் பியன் பூ போர்க்களத்துக்கு உணவும் வெடிமருந்தும் கொண்டுசெல்ல 20,000 அளவிலான துவிச்சக்கரவண்டிகள் ஈடுபடுத்தப்பட்டன. அவற்றுட் பல பிரெஞ்சு நிறுவனமாகிய பேஜோவின் வண்டிகள். மக்கள் அவற்றின் சட்டத்தை இரும்பாலும் மரத்தாலும் வலுப்படுத்தினர். கைபிடியில் மூங்கிலைக் கட்டித் தள்ளினர். ரயருக்குள்ளே துணியைச் சுற்றி உறுதியாக்கினர். ஒரு வண்டி 200 கிலோவுக்கு மேல் சுமந்தது. மா வன் தாங் என்பார் 352 கிலோ வரை ஏற்றிச் சென்றார் என்பது வரலாறு. ஆதிக்க நாட்டின் வண்டியை ஆதிக்கத்துக்கு எதிராகத் திருப்பியவர்கள் அதன் ஒவ்வோர் உறுப்பையும் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர்கள்.

அரசியல் விடுதலைக்குப் பின்னர் ஆசிய நாடுகள் தாமே வண்டி செய்யத் தொடங்கின. சென்னையில் 1949இல் ரி.ஐ. சைக்கிள்ஸ் தோன்றியது, சீனாவின் தியன்ஜின் நகரில் 1950இற் 'பறக்கும் புறா' வண்டி வெளிவந்தது, லூதியானாவில் 1956இல் ஹீரோ சைக்கிள்ஸ் நிறுவப்பட்டது. இவை பிரித்தானிய வண்டியின் வடிவத்தையே பின்பற்றின. இந்தியத் தொழிற்சாலைகள் 32, 40 என்னும் துளைக்கணக்கையும் கைவிடவில்லை. இதன் பயன் எதிர்பாராதது. 2002இல் நொட்டிங்காமில் றலி நிறுவனம் வண்டி செய்வதை நிறுத்திவிட்டது. தாயகத்திலே தொழில் மாண்டபின்னும், நம் ஊர்ப் பழைய றலியின் 40 துளைக் குடத்துக்கு இந்தியாவிற் செய்த 40 துளை றிம் பொருந்துகிறது. ஏகாதிபத்தியம் விட்டுச்சென்ற அளவுமுறையை ஏகாதிபத்தியத்தின் தொழிற்சாலை காப்பாற்றவில்லை. ஆசியத் தொழிலாளரே காப்பாற்றினர்.

நெருக்கடியிற் சக்கரம்

வடபகுதி மக்கள் இச்செய்தியின் பொருளை நூலிற் படித்து அறிய வேண்டியதில்லை. 1990 ஜூனிற் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வரவில்லை, மின்சாரம் நின்றது, மண்ணெண்ணெய் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. ஆசிரியரும் மாணவரும் நோயாளரும் விறகும் நெல்மூட்டையும் துவிச்சக்கரவண்டியிலேயே சென்றனர். வண்டியை நிறுத்திவைத்து மிதியைச் சுழற்றி, டைனமோவிற் பிறந்த மின்சாரத்தால் வானொலிச் செய்தி கேட்டனர். பயணத்துக்கான சக்கரம் செய்திக்கான சக்கரமும் ஆயிற்று. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, பல குடும்பங்களின் எஞ்சிய உடைமைகள் துவிச்சக்கரவண்டிகளின்மேல் ஏறின.

உதிரிப்பாகம் அரிதாகவும் விலையேறியும் இருந்த அந்நாள்களில், பழைய குடத்தையும் கம்பியையும் மீண்டும் கோக்கத் தெரிந்தவரே ஊரின் போக்குவரத்தைக் காத்தவர். வைத்தியரின் பெயரும் அதிபரின் பெயரும் அக்கால நினைவுகளில் இடம்பெறுகின்றன, இடம்பெற வேண்டியவையே. ஆயின் அவ்வைத்தியரின் வண்டிச் சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்தவரின் பெயர் எவ்விடத்திலும் எழுதப்படவில்லை.

2022இல் நெருக்கடி வேறு உருவில் வந்தது. இம்முறை அது முழு நாட்டையும் பிடித்தது. அந்நியச் செலாவணி வற்றியது. எரிபொருள் வரிசைகள் நாட்கணக்கில் நீண்டன. துவிச்சக்கரவண்டியின் விலை பலருக்கு எட்டாத உயரத்துக்குச் சென்றது. கொட்டில்களிலும் கூரை விட்டங்களிலும் மறந்துகிடந்த வண்டிகள் வெளியே வந்தன. அவற்றிற் பலவற்றின் றிம் துருவேறியிருந்தது, குடம் நன்றாயிருந்தது. மோட்டார் வாகனத்தில் வந்த நாள்களில் திருத்தகத்தைத் திரும்பிப் பாராதவர்கள் அதன் வாசலிற் காத்து நின்றனர். நெருக்கடி தணிந்ததும் அவ்வாசல் மறுபடியும் மறக்கப்பட்டது.

யாருடைய சிக்கனம்?

இவ்விடத்தில் நாம் ஓர் எளிய மயக்கத்திலிருந்து விடுபடுதல் வேண்டும். எதையும் எறியாத எமது வாழ்க்கைமுறை உயர்ந்தது, எறிந்து வாழும் மேனாட்டு முறை தாழ்ந்தது என்று பெருமை பேசுதல் இப்போது பலருக்கு வழக்கமாகிவிட்டது. இப்பெருமையிற் பாதி உண்மை உண்டு. மறுபாதியை எவரும் பேசுவதில்லை.

செல்வ நாடுகளிற் பழைய குடத்தைப் புதிய றிம்மிற் கோப்பதற்கு ஒரு தொழிலாளி செலவிடும் நேரத்தின் கூலி, தானியங்கிப் பொறி கோத்த ஒரு முழுச் சக்கரத்தின் விலையை மிஞ்சிவிடுவதுண்டு. ஆகவே நல்ல குடமும் நல்ல கம்பியும் தேய்ந்த றிம்மோடு குப்பைக்குப் போகின்றன. பந்தய வண்டிகளில் நிலை இன்னும் ஒரு படி சென்றுள்ளது. பிரெஞ்சு நிறுவனமாகிய மாவிக் 1996இல் 'ஹீலியம்' என்னும் முழுச்சக்கரத்தைச் சந்தைக்கு விட்டது; அதனையொட்டி, தொழிற்சாலையிலேயே முழுமையாகச் செய்து விற்கும் சக்கரங்கள் பெருகின. இத்தகைய சக்கரங்களிற் பலவற்றுக்கு அவற்றுக்கேயுரிய கம்பியும் றிம்மும் வேண்டும்; நிறுவனம் அவற்றைச் செய்வதை நிறுத்தினால் நல்ல குடமும் பயனற்றுவிடும். 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் பழுதுபார்த்தலை ஊக்குவிக்கும் சட்டநெறி ஒன்றை நிறைவேற்றியது. சலவை இயந்திரம், கைத்தொலைபேசி முதலியன அதன் பட்டியலில் உள்ளன. சாதாரணத் துவிச்சக்கரவண்டி இல்லை. நம் வீதியோரக் கடை இயல்பாகச் செய்துவந்ததை அங்கே சட்டம் இயற்றி மீட்க வேண்டியிருக்கிறது.

ஆனால் நம் வீதியோரக் கடை அதனை எவ்வாறு செய்ய முடிகிறது? அங்கே உழைப்பு மலிவு என்பதனாலேயே. பழைய 40 கம்பிகளையும் ஒவ்வொன்றாக மாற்றி, எண்ணெயிட்டு, முறுக்கேற்றி, கோட்டம் எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு நாம் கொடுக்கும் கூலி, நாம் மிச்சப்படுத்திய குடமும் கம்பியும் பெறும் விலையினும் குறைவு. மிச்சம் நமக்கு, நேரம் அவருக்கு. நாம் சிக்கனம் என்று சொல்லிக்கொள்வதன் பெரும்பங்கு அவருடைய கொடுக்கப்படாத கூலியே. அவருடைய மகன் அத்தொழிலைத் தொடர விரும்பாததற்கு இளைஞரின் சோம்பலைக் காரணமாகக் கூறுவோர் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தல் நன்று. அத்தொழில் அழியுமாயின் அதனை அழிப்பது மேனாட்டு நாகரிகம் மட்டுமன்று; நாம் கொடுக்கும் கூலியும் ஆகும்.

எனவே எறிவதா, மீண்டும் கோப்பதா என்னும் வினா ஒழுக்கத்தைப் பற்றிய வினா அன்று. உழைப்புக்கு யார் விலை கொடுக்கிறார் என்னும் வினா. ஓரிடத்தில் உழைப்புக்கு விலை உண்டு, பொருளுக்கு மதிப்பில்லை. மற்றோரிடத்திற் பொருளுக்கு மதிப்புண்டு, உழைப்புக்கு விலையில்லை. இரண்டும் ஒரே உலகச் சந்தையின் இரு பக்கங்கள். உழைப்புக்கும் உரிய விலையும் பொருளுக்கும் உரிய ஆயுளும் கிடைக்கும் ஒழுங்கு இவ்விரண்டுக்கும் அப்பாலேயே உள்ளது. அதற்காகப் போராடுவோரே பழுதுபார்த்தலின் உண்மையான நண்பர்.

ஆசிரியரும் மாணவரும் இதிற் செய்யக்கூடியது சிறிதன்று. பதினோராந் தரத்தில் வட்டத்துக்குத் தொடுகோடு வரையக் கற்பிக்கிறோம். 1874இலிருந்து ஒவ்வொரு பின்சக்கரத்திலும் அத்தேற்றம் வீதியிற் சுழல்கிறது என்பதைக் கூறுகின்றோமா? இழுவிசையையும் அழுத்தத்தையும் கற்பிக்கிறோம். பாடசாலை வாசலில் நிற்கும் வண்டியின் கம்பியைச் சுண்டிக் காட்டுகின்றோமா? ஆரும் நேமியும் குறடும் பழைய நூல்களுக்கே உரிய சொற்கள் என்று உரை எழுதுகிறோம். அச்சொற்களுக்குரிய பொருள்களை நாள்தோறும் கையாள்பவர் நம் அயலிலேயே இருக்கிறார். பரீட்சையிலே தவறியவனைத் தண்டனைபோல் அவரிடம் அனுப்பும் வழக்கத்தை விட்டு, கற்க வேண்டியவர்களை மாணவராக அவரிடம் அனுப்ப வேண்டும். கற்பிப்பவருக்குரிய ஊதியமும் மதிப்பும் அவருக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். தனித்து நிற்கும் திருத்தகத் தொழிலாளர் ஒன்றுகூடிச் சங்கமாக அமைவதற்குத் துணைநிற்பதும் கல்வியறிவுடையோரின் கடனே.

றிம் தேய்வது இயற்கை. அது உழைத்ததன் அடையாளம். தேயாத குடத்தையும் முறியாத கம்பியையும் அதனோடு சேர்த்து எறியாதிருக்கும் அறிவை இந்நாட்டுத் தொழிலாளர் நூற்றாண்டாகக் காத்துத் தந்திருக்கின்றனர். அவ்வறிவை உடையவரைத் தேய்ந்த றிம்மாகக் கருதி ஒதுக்கிவிடாதிருப்பது நமது பொறுப்பு.